அடிக்கோடு போட்ட கிணறு

மேஜை மேல் விரிந்து கிடந்த ஊரில் ஒரு மனிதர்கூட இல்லை.

கோட்டைச் சுவர் இருந்தது. சுவருக்குள் ஒரு தேவாலயம், கோட்டைத் தலைவரான கப்பித்தானின் வீடு, நீளமான மிளகுக் கிடங்கு, தென்னோலை வேய்ந்த முப்பது நாற்பது குடிசைகள், வளைந்து வளைந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரே தெரு. எல்லாம் கறுப்பு மையில், தலைமுடியைவிட மெல்லிய கோடுகளில். சசிதர் குனிந்து பார்த்தான். அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் யாரோ வருகிற சத்தம் கேட்டு, ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனது போல் இருந்தது. அவன் நிமிர்ந்துகொண்டான்.

"ஊரு பேரு சாந்தா இனேஸுங்க," என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த பெண். "ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால போர்ச்சுகீசியருங்க கேரளக் கரையில கட்டினது. இப்ப முக்காவாசி கடலுக்குள்ள. அப்பா பதினோரு வருஷமா பழைய கடிதாசிகளைத் தேடித் தேடிப் படிச்சு, எது எங்க இருந்திருக்கும்னு ரோசனை பண்ணி வரைஞ்சுட்டிருந்தாருங்க."

பெயர் விமலாராணி என்று சொல்லியிருந்தாள். புலியகுளத்தில் வீடு. முப்பத்தெட்டு வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. அப்பா ஞானாபரணம், எழுபத்தொரு வயது. நூற்பு இயந்திரங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தலைமை டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து நாளாகக் காணவில்லை. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரை டப்பா வீட்டிலேயே இருக்கிறது. நேற்று மதியம் இந்த வரைபடம் மட்டும் கூரியரில் வந்தது. கூட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

"ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின கேஸு," என்று சசிதர் மெதுவாகச் சொன்னான். "சாட்சியெல்லாம் உசுரோட இருப்பாங்களாக்கா?"

அன்புக்கரசி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பது வயதுக்காரி. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீப்பிடித்த மில்களை அளந்தவள். எரிந்து முடிந்த சாம்பலில் நின்றுகொண்டு, எரிவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, என்ன இல்லை என்று சொல்வதுதான் அவள் வேலை. இப்போது டிரிச்சி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இந்தத் துப்பறியும் ஆபீஸை நடத்துகிறாள். நான்கு வருஷமாக சசிதர் அவளுக்கு டிரைவர், எழுத்தர், காபி வாங்கி வருகிறவன். நேரம் கெட்டால் அடி வாங்குகிறவனும் அவன்தான்.

"போலீசுக்குப் போகலீங்களா, அம்மணி?" என்றாள் அன்புக்கரசி.

"போனா அப்பாவை உசுரோட பாக்க முடியாதுன்னு போன் வந்துதுங்க." அவள் வரைபடத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஊரைக் காலி பண்ணிட்டுப் போறப்ப, கோயில் வெள்ளிச் சாமானெல்லாம் பொதைச்சுட்டுப் போனாங்கன்னு ஒரு கடிதாசியில இருக்குதாமுங்க. அப்பா இதைச் சர்ச்சுல ஒரு கூட்டத்துல பேசிப்போட்டாரு. அதுக்குத்தான் யாரோ தூக்கியிருக்காங்க. இதப் பாருங்க."

அவள் விரல் வரைபடத்தின் மேல் போயிற்று. ஊர் முழுக்க அளவுகள் குறித்திருந்தன. சுவர் இத்தனை அடி, தெரு இத்தனை அடி. நூறு எண்களாவது இருக்கும். அதில் நான்குக்கு மட்டும் கீழே தடிமனாக ஒரு கோடு. கிடங்கின் நீளம் 312. அகலம் 118. பாதிரியார் கிணற்றின் விட்டம் 34. கிணற்றுக்கும் மணிக்கூண்டுக்கும் நடுவே 76.

"இந்தக் கெணத்துலதானுங்க என்னமோ இருக்குது. அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லோணும்."

அன்புக்கரசி அலமாரியிலிருந்து முக்கோண அளவுகோலை எடுத்தாள். கிடங்கின் மேல் வைத்தாள். கிணற்றின் மேல் வைத்தாள். பிறகு ஊர் முழுக்க எண் எண்ணாக நகர்த்திக்கொண்டே போனாள். ஆடிக்காற்று ஜன்னல் கதவை அடித்துச் சாத்தியது. கீழே தெருவில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. உட்கார்ந்திருந்த டிரைவர் இஞ்சினை அணைக்கவே இல்லை என்பதை சசிதர் அப்போதுதான் கவனித்தான்.

"சின்ன வயசுல உங்களுக்குக் கணக்கெல்லாம் அப்பாதான் சொல்லிக் குடுப்பாருங்களா?" என்று அன்புக்கரசி கேட்டாள், ஏதோ கல்யாண வீட்டில் பேசுவது போல.

"ஆமாங்க. விடைக்குக் கீழ ரெண்டு கோடு போடாட்டி காதைத் திருகிப்போடுவாரு. முக்கியமானதுக்கு அடிக்கோடு போடோணும், அப்பத்தான் கண்ணுல படும்பாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதனாலதானுங்க இந்த நாலு நம்பரையும் பாத்த ஒடனே எனக்குப் பொறி தட்டுச்சு."

"தட்டத்தான் செய்யும்," என்றாள் அன்புக்கரசி கனிவாக. "சசி, அம்மணிக்கு ஒரு காபி வாங்கிட்டு வா. சக்கரை தூக்கலா."

அவன் காபியோடு திரும்பி வந்தபோது வரைபடம் சுருட்டப்பட்டு அந்தப் பெண்ணின் மடியில் இருந்தது. அன்புக்கரசி தன் போனில் அதைப் படம் எடுத்து வைத்திருந்தாள். ஒரு சீட்டில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மதுக்கரையில நரசிம்மலுன்னு ஒருத்தரு இருக்காரு. இந்த மாதிரி விவகாரத்துல அவரை மிஞ்ச ஆள் கெடையாது. நேராப் போயி இதைக் காட்டுங்க. நான் போன் பண்ணிச் சொல்லிப்போடறேன். நாங்க வேற ஒரு பக்கம் விசாரிச்சுட்டுச் சாயங்காலம் வாரோம்."

நான்கு வருஷத்தில் நரசிம்மலு என்ற பெயரை சசிதர் கேட்டதே இல்லை.

வெள்ளைக் கார் உக்கடம் பக்கமாகத் திரும்பி மறைந்ததுதான் தாமதம், அன்புக்கரசி செருப்பை மாட்டினாள். "வண்டிய எடு. சோமனூர்."

"மதுக்கரை தெக்கால இருக்குது. சோமனூர் கெழக்கால இருக்குது. போர்ச்சுகீசியரு கடல்ல இருக்காங்க. நாம எந்தக் கேஸைப் பாக்கறோங்க்கா?"

"எடுடா."

அவினாசி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவன் பக்கம் நீட்டினாள்.

"கெடங்கு கூரையப் பாரு."

"ரோட்டைப் பாக்கட்டுமா, கூரையப் பாக்கட்டுமா?"

"ஒரு செகண்டு பாரு."

பார்த்தான். மிளகுக் கிடங்கின் கூரை ரம்பத்தின் பல் போல வரிசையாக ஏறி இறங்கியது. எல்லாப் பல்லும் வடக்குப் பார்த்து நின்றன.

"மில்லு கூரை மாதிரி இருக்குது," என்றான்.

"மில்லு கூரையேதான். வெயில் நேரா வுழுகாம வெளிச்சம் மட்டும் வரட்டும்னு வடக்குப் பாத்துக் கண்ணாடி வெக்கற கூரை. மெளகு மூட்டைக்கு எதுக்கு வெளிச்சம்? பதினோரு வருஷம் படிச்ச மனுசன், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின கெடங்குக்கு அப்படி ஒரு கூரையப் போடுவாரா? தெரிஞ்சேதான் போட்டிருக்காரு."

சசிதருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

"அளவுகோலை வெச்சுப் பாத்தேன். நூறு நம்பர்ல தொண்ணூத்தாறு சரியா இருக்குது. அடிக்கோடு போட்ட நாலு மட்டும் பொருந்தல. கெடங்கு நீளம் 312ன்னு எழுதியிருக்காரு. வரைஞ்சிருக்கறது எரநூறு அடி. கெணறு 34ன்னு எழுதியிருக்காரு. கோடு பதினாலைத் தாண்டல." அவள் போனை அணைத்தாள். "டிராயிங் ஆபீஸுல ஒரு வழக்கம் உண்டு சசி. அளவு மாறிப்போச்சு, படத்தை மறுபடி வரைய நேரமில்லைன்னு வெய்யி. நம்பரை மட்டும் மாத்தி எழுதிட்டு அடியில ஒரு கோடு போடுவாங்க. இந்த நம்பரும் இந்தப் படமும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாதுன்னு அர்த்தம். லேத்துல கடைசல் போடறவன் அதைப் பாத்த ஒடனே சுதாரிச்சுக்குவான்."

"அப்ப அந்த நம்பரு எதோட அளவு?"

"அவரு எந்தக் கட்டடத்துக்குள்ள இருந்து வரைஞ்சாரோ அதோட அளவு."

சூலூர் திரும்பும் இடம் கடந்து போயிற்று. காற்றில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது.

"கோயம்புத்தூரைச் சுத்தி நூத்துக்கணக்குல மில்லு இருக்குதேக்கா."

"எந்த மில்லுலயும் ஷெட்டு அகலம் நூத்தி இருபதுன்னுதான் இருக்கும். நூத்திப் பதினெட்டு நான் ஒரே ஒரு இடத்துல அளந்திருக்கேன். வாஸ்து பாக்கறவரு சொன்னாருன்னு ரெண்டடி கொறைச்சுக் கட்டினாங்க. கெணறு நடு வாசல்ல, எட்டுப் பட்டைப் பொகைபோக்கிக்கு எழுபத்தாறு அடி தள்ளி. பஞ்சு குடோன்ல தீப்புடிச்சப்ப மூணு நாளு அங்கயே கெடந்து அளந்தேன். மூடிப் பதினஞ்சு வருஷமாச்சு."

கருமத்தம்பட்டியில் வலதுபக்கம் திரும்பினார்கள். சோமனூர் நெருங்க நெருங்கச் சத்தம் வந்தது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. தெருவே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது போல ஓயாத டடக் டடக். இந்த ஊரில் ஒரு மனிதர் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்று சசிதர் நினைத்தான். நினைத்த பிறகு அந்த நினைப்பை விரட்ட முடியவில்லை.

மில் ஊருக்கு வெளியே இருந்தது. கேட்டில் துரு. புகைபோக்கியின் உச்சியில் ஒரு ஆலங்கன்று காற்றில் ஆடியது. கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர். அறுபத்தைந்து வயதிருக்கும். அன்புக்கரசியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஏனுங், நீங்க தீப்புடிச்சப்ப வந்த இன்சூரன்ஸ் அம்மாவுங்களா?"

"வரதராஜுலு அண்ணன்தானுங்களே. இன்னும் இங்கயேதான் வாச்மேனா?"

"மொதலாளி ஊட்டுல வேற யாரையும் நம்பறதில்லீங்க."

"உள்ள ஒரு பெரியவரு இருக்காருங்களா?"

வரதராஜுலு தயங்கவே இல்லை. அதுதான் சசிதரைத் தூக்கிவாரிப் போட்டது.

"இருக்காருங்க. பாவம், புத்தி சரியில்ல. டவுன்ல உட்டா ரோட்டுல ஓடிப்போயிருவாருன்னு இங்க கொண்டாந்து வெச்சிருக்காங்க. மொதலாளிகிட்டக் கேட்டு ஷெட்டை வாடகைக்கு எடுத்துட்டாங்க. காத்தாலயும் பொழுதோடவும் சாப்பாடு வந்துருமுங்க."

"யாருங்க கொண்டுவர்றது?"

"அவரு மகதானுங்க. வெள்ளைக் காருல வருவாங்க. நல்ல அம்மணி. கழுத்துல சிலுவை போட்டிருக்கும்."

சசிதரின் காதுக்குள் தறிச் சத்தம் ஒரு நொடி நின்று போயிற்று. ஒரு மணி நேரம் முன்பு அந்த அம்மணியின் கையில் அவனே காபி கொடுத்தான். சர்க்கரை தூக்கலாக.

"அக்கா..."

"தெரியும். நட."

"எப்ப இருந்து தெரியும்?"

"நீ காபி வாங்கப் போறதுக்கு முன்னால இருந்து. டிராஃப்ட்ஸ்மேன் வளத்த புள்ள, விடைக்கு அடிக்கோடு போடச் சொல்லி அப்பா காதைத் திருகினாருன்னு சொல்லாது. போட்டாத்தான் திருகியிருப்பாரு. அதுவுமில்லாம, அந்தப் பொம்பள நம்பரைப் பத்தி ஏழு தடவ கேட்டா. அப்பனைப் பத்தி நாம கேட்டப்ப மட்டுந்தான் பேசினா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"உம்மூஞ்சி சினிமாத் தட்டி மாதிரி. உள்ள என்ன படம் ஓடுதுன்னு தெருவுல போறவனுக்கெல்லாம் தெரியும்."

வரதராஜுலு ஷெட்டின் பூட்டைத் திறந்தார்.

உள்ளே இயந்திரம் ஒன்றுகூட இல்லை. வடக்குக் கண்ணாடிகள் வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், முன்னூற்றுப் பன்னிரண்டு அடி நீளத் தரை முழுக்க, சாக்பீஸால் வரைந்த சாந்தா இனேஸ் கிடந்தது. கோட்டைச் சுவர். தெரு. ஒவ்வொரு குடிசைக்கும் வாசல். சசிதர் தன்னை அறியாமல் சுவரைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தான். தூண்களுக்கு நடுவே மிச்சமிருந்த பழைய பஞ்சு காற்றில் புரண்டு புரண்டு தெருவில் போயிற்று.

"அளவெடுத்துப் பாக்காம வரைய முடியாதுன்னு டேப்பு கேட்டாருங்க," என்றார் வரதராஜுலு பின்னாலிருந்து. "அந்த அம்மணியேதான் வாங்கிக் குடுத்துச்சு. ஒரு நாள் பூரா அளந்தாரு. வெளிய கெணத்தடிக்குக்கூட நான்தான் கூட்டிட்டுப் போனேன். பேப்பர்ல படத்தை வரைஞ்சு குடுத்ததோட சரி, மூணு நாளா பேச்சே இல்லீங்க. என்ன கேட்டாலும் வாயத் தொறக்கறதில்ல."

சாக்பீஸ் தேவாலயத்துக்குள், ஒரு கோணிச்சாக்கின் மேல், சுவர் இல்லாத சுவருக்கு முதுகைக் கொடுத்து ஞானாபரணம் சுருண்டு கிடந்தார். வேஷ்டி அழுக்கேறியிருந்தது. உதடு வெடித்திருந்தது. அன்புக்கரசி மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். சசிதர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். நாடி கிடைக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"ஐயா. 118ஐ நான் படிச்சுட்டனுங்க," என்றாள் அவர் காதருகே.

கண் திறந்தது. மெதுவாக, அவளுடைய முகத்தைக் கோடு கோடாக அளந்தது.

"விமலா...?" என்றார்.

"மகளுங்களா? எங்க இருக்காங்க?"

"மஸ்கட்டுல. நர்ஸு. அவளுக்கு இதெல்லாம்... தெரியாதுங்க."

அன்புக்கரசியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கனமான ஆண் குரல்.

"நரசிம்மலு பேசறேன். நீ சொன்ன வெள்ளைக் காரு வந்துச்சு. டிரைவரைப் புடிச்சு உக்கார வெச்சிருக்கேன். மடியில கத்தி வெச்சிருந்தான். ஆனா பொம்பள இல்ல அன்பு. பெரியவருகிட்டப் போறேன்னு வழியில உக்கடத்துலயே எறங்கிக்கிச்சாம். கருமத்தம்பட்டி ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன். வந்துட்டிருக்காங்க."

"யாருக்கா இந்த நரசிம்மலு?"

"டிஎஸ்பி. என்னோட காலேஜுல படிச்சவரு."

உக்கடத்தில் இறங்கியவள் டாக்ஸி பிடித்திருந்தால் இந்நேரம் எங்கே இருப்பாள் என்று சசிதர் கணக்குப் போட்டான். போட்ட கணக்கு பிடிக்கவில்லை. ஞானாபரணத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஒரு கோணி பஞ்சின் கனம்கூட இல்லை.

"பின்னால லாரி கேட்டு இருக்குதுங்க," என்றார் வரதராஜுலு. அவர் கண் கலங்கியிருந்தது. "அஞ்சு நாளு நானே பூட்டிப் பூட்டித் தொறந்திருக்கறனுங்களே அம்மா. புத்தி கெட்டது அவருக்கில்ல, எனக்கு. நீங்க அந்தப் பக்கமாப் போங்க. நான் முன்னால வழக்கம் போல உக்காந்துக்கறேன்."

"அந்தப் பொம்பள கையில என்ன இருக்கும்னு தெரியாதுங்கண்ணா."

"நான் வாச்மேனுங்க. கேட்டுக்கு ஆளு வேணுமில்ல."

லாரி கேட்டு வழியாக வண்டி வெளியே வந்து, மண் பாதையில் குலுங்கி, தார் ரோட்டில் ஏறியபோது, கண்ணாடியில் ஒரு டாக்ஸி தூசி கிளப்பிக்கொண்டு மில்லின் முன்வாசலில் நிற்பது தெரிந்தது. சசிதர் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். பின்சீட்டில் பெரியவரின் தலை அன்புக்கரசியின் மடியில் இருந்தது. பேக்கரியில் வாங்கிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அவர் உதட்டில் விட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு கிலோமீட்டர் போயிருக்க மாட்டார்கள். போன் அடித்தது. பேர் தெரியாத நம்பர். அன்புக்கரசி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆளைக் கொண்டுட்டுப் போயிட்டீங்க." அதே குரல்தான். ஆனால் அழுகை, '-ங்க', அப்பா எல்லாம் அதிலிருந்து கழன்று விழுந்திருந்தன. குரலுக்குப் பின்னால் காலி ஷெட்டின் எதிரொலி கேட்டது. "வாச்மேன் உள்ள இருக்காருன்னு சொன்னான். இல்ல. நான் எங்க தப்பு பண்ணினேன்?"

"கணக்குல," என்றாள் அன்புக்கரசி.

"வெளையாடாதீங்க. அந்தக் கெழவன் உங்ககிட்டப் பேசிட்டானா? கெணறு எங்க? கடல்லயா, கரையிலயா?"

"உனக்கு நெசத்தச் சொல்லட்டுமா கண்ணு?" அன்புக்கரசி கைக்குழந்தையிடம் பேசுவது போல மென்மையாகச் சொன்னாள். "அந்த நாலு நம்பரும் கேரளாவுல இல்ல. நீ நின்னுட்டிருக்கற இடந்தான். 312, நீ நிக்கற ஷெட்டு. அஞ்சு நாளா அதும்மேலதான் நடந்துட்டிருந்தே."

அன்புக்கரசி போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"தரையில சாக்பீஸுல கெணறு போட்டிருப்பாரு. பாத்தியா?"

இரண்டு மூன்று காலடிகள். பிறகு ஓட்டம். போனை எங்கேயோ தரையில் வைத்த சத்தம். இரும்பு எதையோ இழுக்கும் சத்தம். வெகு தொலைவில், யாரோ ஒரு கேட்டைச் சாத்தி மெதுவாகப் பூட்டினார்கள். அதை அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

டங்.

டங்.

"அக்கா," என்றான் சசிதர், "நீங்க ஒரு பொய்யும் சொல்லலியே."

"ஒண்ணுகூடச் சொல்லல."

டங். டங். சத்தம் வேகமாகிக்கொண்டே போயிற்று. மடியில் கிடந்த ஞானாபரணம் கண்ணை மூடியபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெடித்த உதடு லேசாக அசைந்தது. ஏதோ சொல்கிறார் என்று அன்புக்கரசி குனிந்தாள். சசிதர் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான்.

"அது ஸ்பின்னிங் மெஷின் நின்ன தரைங்க," என்றார் அவர். "எட்டங்குலக் காங்கிரீட்டு. பொழுது சாயற வரைக்கும் ஆகும்."

அப்புறம், ஐந்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாக, தண்ணீர் பாட்டிலைத் தன் கையாலேயே வாங்கிக்கொண்டார்.